கண்ணால் பிரசங்கம் கேட்கிறவர்

எங்கள் வேதக்கோயிலில் முன்னால் இருந்த மூன்று வரிசைப் பெஞ்சுகளையும் ஒரு வெள்ளிக்கிழமை தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் வீட்டுக்காரரும் போய் நின்றபோது, அவர் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்த இடது மூலையில் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் கீபோர்டு, டிரம்ஸ். நடுவில் மூன்று காலில் ஒரு கேமரா. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஸ்பீக்கரைப் பார்த்தேன். வந்த கோபத்தை அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன். விழுங்கியிருக்கக் கூடாது.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. பிறவியிலேயே வந்தது அல்ல. இந்த இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில், கொழுந்தை அரைக்கிற ரோலர் ரூமில் முப்பது வருஷத்துக்குக் கிட்டே வேலை பார்த்தவர். அந்த ரூமுக்குள் போய்விட்டு வந்தால் நமக்கே கால்மணி நேரம் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு அது நிற்கவே இல்லை. ரிட்டயர் ஆகிறபோது ஆஸ்பத்திரியில் காட்டினோம். வயசானால் அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே வயசில் என்னோடு கொழுந்து கிள்ளின பெண்களுக்கெல்லாம் அடுத்த லயத்து வரிசை வீட்டில் நடக்கிற சண்டை வரிக்கு வரி கேட்கிறதே, அவர்களுக்கு மட்டும் வயசாகவில்லையா என்று கேட்டேன். அந்த டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

பஞ்சாயத்து முகாமில் ஒரு காது மிஷின் கிடைத்தது. வீட்டில் அமைதியாக இருந்தால் கொஞ்சம் உதவும். நாலு பேர் சேர்ந்து பேசினால், பாடினால், அது கீச்சென்று கத்தி அவரைத் துடிக்க வைத்துவிடும். அதனால் கோயிலுக்கு வரும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

ஆனால் அவர் பிரசங்கம் கேட்காமல் இருந்ததில்லை. ரோலர் ரூமில் வேலை பார்த்த எல்லாருக்கும் வாயைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரியும். கையாலும் பேசுவார்கள். விரலைக் காற்றில் சுழற்றினால் மெஷினை ஓட்டு. முஷ்டியை மூடிக் காட்டினால் நிறுத்து. நெற்றியில் தொப்பி விளிம்பைத் தொடுவதுபோல் காட்டினால் மேனேஜர் துரை வருகிறார், ஒழுங்காக நில். மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்டு முடியப்போகிறது. நான் கடைசிப் பத்து வருஷம் பக்கத்து ரூமில் தூள் சலித்தவள். எனக்கும் அந்தப் பேச்சு அத்துப்படி. எங்கள் வீட்டில் சண்டையே சத்தமில்லாமல்தான் நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதில் பெரிய வருத்தம்.

அதனால்தான் அவருக்கு முன்பெஞ்சு. பழைய போதகருக்கு அது தெரியும். எந்தப் பக்கம் பார்த்துப் பேசினாலும் முக்கியமான இடம் வரும்போது எங்கள் மூலைக்கு முகத்தைத் திருப்பிவிடுவார். உதடு தெரியவில்லை என்று இவர் ஒருமுறை சொல்லப்போக, அந்த மனுஷர் மீசையைக்கூடக் கத்தரித்துக்கொண்டார். இதற்கு எந்தக் கமிட்டியும் கூடவில்லை, எந்தத் தீர்மானமும் போடவில்லை.

கோயில் மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற கிழவிகளில் ஒருத்தியாக என்னைச் சேர்த்துவிட வேண்டாம். கொரோனா காலத்தில் கோயிலைப் பூட்டியபோது முதன்முதலில் லைவ் ஆரம்பித்தார்கள். பழைய போதகர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பேசுவார். அவர் முகம் முழுசும் எங்கள் போனில் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டார். "இப்பத்தாம்ட்டி ஐயா என் மடியில ஒக்காந்து பேசுதாரு" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். அந்த டெக்னாலஜியை நானும் ஸ்தோத்திரம் பண்ணி ஏற்றுக்கொண்டவள்தான்.

பிறகு கோயிலைத் திறந்தார்கள். பழைய போதகர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இளவயதுக்காரர், நல்ல மனசு, நன்றாகப் பாடுவார். எங்கள் சபைப் பிள்ளைகளில் பாதிப்பேர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், மீதிப்பேர் கல்ஃபில், கனடாவில். அவர்கள் ஊர்க் கோயிலைப் பார்க்க ஆசைப்பட்டு ஸ்பீக்கரும் கேமராவும் வாங்கி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் ஆராதனையைப் பார்க்கக் கூடாதென்று எந்தப் பாவி சொல்வாள்? பார்க்கட்டும். ஆனால் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கு இடம் கொடுக்க, முந்நூறு அடி தூரத்திலிருந்து நடந்து வருகிறவனின் பெஞ்சைத்தான் பிடுங்க வேண்டுமா?

இப்போது மிஞ்சிய முதல் வரிசை பழைய நாலாவது வரிசை. அங்கே உட்கார்ந்தால் போதகருக்குப் பின்னால் எரிகிற நீலமும் சிவப்புமான லைட்டில் அவர் முகம் இருட்டாகத் தெரியும். போதாததற்குக் கைமைக். மக்காச்சோளம் தின்கிறவரைப் போல அதை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேடையில் இங்குமங்கும் நடப்பார். என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன வசனம்?" என்று கேட்பார். நான் சொல்வேன். ஒரு மணி நேரப் பிரசங்கத்தைக் கஞ்சி கொதிக்கிற நேரத்தில் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

கமிட்டி செக்ரட்டரியிடம் போனேன். தோட்டத்து ஆபீசில் கிளார்க், கேமராவும் லேப்டாப்பும் அவர் பொறுப்பு. என் வீட்டுக்காரரோடு அதே ரோலர் ரூமில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவருடைய மகன். எங்கள் கல்யாணத்தில் தவழ்ந்து திரிந்த பிள்ளை. ஒரே ஒரு பெஞ்சை மட்டும் முன்னால் போடும்படி கேட்டேன்.

"அக்கா, பெஞ்சு போட்டா கேமராவுக்கு மறைக்கும். டெக்னாலஜி வளருது, நாமளும் வளரணும்லா?"

"சரி தம்பி, ஐயாவ மைக்க கொஞ்சம் எறக்கிப் புடிக்கச் சொல்லு."

"சவுண்டு போயிரும்க்கா. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அண்ணன வீட்ல இருந்து லைவ்ல பாக்கச் சொல்லுங்க. எங்கப்பாவும் அப்படித்தான் பாக்காரு. எங்க பாக்காரு, போன கையில வச்சிக்கிட்டே தூங்குதாரு. வயசாயிட்டா இதுல ஆர்வம் கொறஞ்சிரும்."

அவருடைய அப்பா கோயிலுக்கு வந்து நாலைந்து வருஷமாகிவிட்டது. விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று சபையில் பேச்சு. அவருக்காக ஜெபக் கூட்டத்தில் நானே கண்ணை மூடி ஜெபித்திருக்கிறேன். கண்ணை மூடாமல் இருந்திருந்தால் ஒருவேளை அன்றே எனக்குப் புரிந்திருக்கும்.

லைவையும் பார்த்தோம். கேமரா மேடை முழுசையும் சேர்த்துக் காட்டியது. போதகர் கட்டைவிரல் அளவு தெரிந்தார். ஆனால் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாதாம். அதற்காக செக்ரட்டரி சனிக்கிழமையே போதகரிடமிருந்து பிரசங்கத்தை வாங்கி ஆங்கிலத்தில் தட்டித் தயாராக வைத்துவிடுகிறாராம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தமிழ் படிக்கத் தெரிந்த மனுஷன், வேதப்புத்தகத்தை மூன்று தரம் முடித்தவர், கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு வரி இல்லை. மறுபடியும் போனேன். பாட்டுக்கு எழுத்துப் போடுகிற பெரிய திரையில் பிரசங்கத்தையும் தமிழில் போடச் சொன்னேன். பிரசங்க நேரத்தில் எழுத்து ஓடினால் எல்லாருக்கும் கவனம் சிதறும் என்றார். பாட்டு நேரத்தில் அதே திரையில் அருவி கொட்டுகிறது, புறா பறக்கிறது, சூரியன் உதிக்கிறது, அதிலெல்லாம் யாருக்கும் கவனம் சிதறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்களுக்குப் பூசாரி கிடையாது, அந்தக் குறையைத் தீர்க்க செக்ரட்டரி இருந்தார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு ஞாயிறு வரவில்லை. முழங்கால் வலி என்றார். வலிக்கிற முழங்காலோடு திங்கட்கிழமை ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போனார். இந்த மனுஷனுக்கு சினிமா இல்லை, டிவி இல்லை, கடை பெஞ்சில் நாலு பேரோடு பேசவும் முடியாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எல்லாரும் கேட்பதைத் தானும் கேட்கிறோம் என்று உட்கார்ந்திருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு இந்த மலையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

திருவிருந்து ஞாயிறு வந்தது. லைவில் அப்பமும் திராட்சரசமும் வராது, கிளம்புங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் அது நடந்தது.

முன்பெல்லாம் வரிசையாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிடுவோம். முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்னால் போனால் போதும், காதுக்கு அங்கே வேலையே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு, உட்கார்ந்த இடத்துக்கே தட்டில் வருகிறது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப், அதன்மேல் வட்டமாக ஒரு அப்பம். அன்று போதகர் புதிதாக ஒன்றைச் சொன்னார்: யாரும் உடனே அருந்த வேண்டாம், எல்லார் கைக்கும் வந்ததும் ஜெபித்து ஒரே நேரத்தில் சேர்ந்து அருந்துவோம், அதுவே நம்முடைய ஐக்கியம். மைக்கில்தான் சொன்னார். நான் இவர் பக்கம் திரும்பிக் கையை எடுப்பதற்குள், இவர் எப்போதும்போல் வாங்கியதும் கண்ணை மூடி, அப்பத்தைத் தின்று, ரசத்தைக் குடித்துவிட்டார்.

கண்ணைத் திறந்தபோது சபை முழுதும் கப்பைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இவர் கையில் காலி கப். பின்னாலிருந்து யாரோ 'ச்சு' கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். அது அவருக்குக் கேட்காது, ஆனால் திரும்பிப் பார்த்தார், முகங்களைப் படித்துவிட்டார். வாயைப் படிக்கிறவருக்கு முகத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அந்தக் காலி கப்பை என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாரையும்போல அவரும் அதைத் தூக்கிப் பிடித்தார். என் கையில் இருந்ததை நான் அருந்தவில்லை. அவ்வளவு ஆத்திரத்தோடு அதைத் தொடக் கூடாதென்று பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றிக்கூடப் போடவில்லை. "இனிமே நான் வரல. என்னையப் பாத்து எல்லாரும் சிரிக்கதுக்கு நான் எதுக்கு அங்க வரணும்?" என்றார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் அதை மெல்லச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் கெஞ்சவில்லை. அடுத்த ஞாயிறு காலை அவர் தோளைத் தட்டி, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. சிரிச்சா என்னையப் பாத்துச் சிரிக்கட்டும்" என்று சொன்னேன். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். சொல்லவில்லை.

பிரசங்கம் தொடங்கியதும் எழுந்துபோய் மேடைக்குக் கீழே, போதகருக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்து நின்றுகொண்டேன். போதகர் ஒரு நொடி நிறுத்தினார். நான் அவரைத் தொடரும்படி தலையசைத்தேன். அன்று திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் கதை. காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் தோட்டத்துக்காரர் ஒரே கூலி கொடுக்கிற கதை. தேயிலை ஃபாக்டரிக் கைப்பேச்சுக்கு இதைவிடத் தோதான வேதபாகம் கிடையாது. தோட்டத்துக்காரருக்குத் தொப்பி விளிம்பைத் தொட்டேன். காலை ஷிப்டு, மத்தியான ஷிப்டு, சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவன், எல்லாவற்றுக்கும் கையில் வார்த்தை இருந்தது. கூலிக்கு இருந்தது. முணுமுணுப்புக்கு இருந்தது, அது எங்கள் ஃபாக்டரியில் அதிகம் புழங்கிய வார்த்தை. கடவுளுக்கு மட்டும் எங்கள் கைப்பேச்சில் வார்த்தை இல்லை. துரைக்கு இருந்தது, அவருக்கு இல்லை. மேலே கையைக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் முதலில் வெட்கத்தில் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார். எல்லாருக்கும் ஒரே கூலி என்று நான் காட்டியதும், அவர் கை தானாக எழுந்து கேட்டது: "யூனியன் என்ன சொல்லுச்சு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசங்கத்துக்கு நடுவில் கேள்வி கேட்கிற ஒரே ஆள் எங்கள் சபையில் அவர்தான்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து செக்ரட்டரி என்னை நகரும்படி கையை வீசிக்கொண்டே இருந்தார். அந்தக் கைப்பேச்சு எனக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். போதகரும் செக்ரட்டரியும் கமிட்டிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள்.

"லைவ் பூரா ஒங்க மொகமும் கையுந்தான்க்கா. வெளிய இருந்து ஆளுக கேக்காங்க, யாரு இந்தம்மா, என்ன வித்தை காட்டுதுன்னு."

"பிரசங்கம் காட்டுனேன்னு சொல்லு."

"இவங்ககிட்ட எத்தன தடவ சொன்னாலும் செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்றார் ஒரு கமிட்டிக்காரர். சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது.

போதகர்தான் மெல்ல, "அம்மா, நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். இரண்டு தடவை போய்ச் சொன்னதை அவர் ஒரு தடவைகூடப் போதகரிடம் சொல்லவில்லை. போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டி கூடி முடிவெடுக்கிற வரைக்கும் நான் அப்படி நிற்கக் கூடாதென்று கடைசியில் சொன்னார்கள். நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறும் போய் நின்றேன். போதகர் அன்று மைக்கை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் செக்ரட்டரி கேமராவை விட்டுவிட்டு நேராக என்னிடம் நடந்து வந்தார். என் கையைப் பிடித்து நகர்த்தவே வந்திருப்பார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

கோயில் வாசலில் அவருடைய அப்பா நின்றார். வீட்டு முற்றத்தில் போட்டிருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு, மருமகள் பின்னால் பதறி வர, நடுவழியே நடந்து வந்தார். போன ஞாயிறு வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர், லைவில் என் கையைப் பார்த்திருக்கிறார். ஸ்பீக்கருக்கும் கேமராவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காற்றில் சுழற்றினார். மெஷினை ஓட்டு என்றார்.

செக்ரட்டரி திரும்பிப்போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அன்று அதில் என்ன தெரிந்ததென்று எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிரசங்கத்துக்குப் பிறகு பாட்டு நேரம் முழுக்க இரண்டு பேர் கையும் ஓயவில்லை. செக்ரட்டரியின் அப்பா, அந்த அண்ணாச்சி, சொன்னதெல்லாம் எனக்கும் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசுகிறார்களாம். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று அடுப்பைப் பார்த்துக் கேட்கிறார்களாம். மகன் போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவானாம். தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், திறந்து வைத்து என்ன பார்க்க என்று கேட்டார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே செக்ரட்டரி என்னிடம் வந்தார்.

"அக்கா, எங்கப்பா அண்ணன்கிட்ட கையால என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரே. என்னக்கா சொன்னாரு?"

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. அவரு அங்கதான் ஒக்காந்திருக்காரு. மைக் வயர கீழ வச்சிட்டு, அவரு மூஞ்சிக்கு நேரா போய் நின்னு நீயே கேளு" என்றேன்.